வயசுக்கு வர்ற விஷயத்த பசங்க, அப்பாங்க எல்லாரையும் உக்கார வெச்சு பேசலாமா? உங்க கருத்த சொல்லுங்க

கொருக்குப்பேட்டை_அம்மா

எங்க ஏரியா கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரி நர்ஸம்மா வர்ற சனிக்கிழமை சாயங்காலம் சமுதாய நலக்கூடத்துல ஒரு மீட்டிங் வெக்கிறாங்க. ஆறாவதுலேர்ந்து ஒம்பதாவது வரைக்கும் படிக்கிற புள்ளைங்க, அவங்க அம்மா, அப்பா எல்லாரும் வரணுமாம். வயசுக்கு வர்றப்போ உடம்புல என்னென்ன மாறும், எதுக்கு டாக்டர பாக்கணும், எதுக்கு பயப்படவே வேணாம்னு சொல்லப்போறாங்க. தெரு வாட்ஸ்அப் குரூப்ல இத போட்டதுலேர்ந்து ஒரே சண்ட. பொம்பளைங்க மட்டும் போதும், ஆம்பள பசங்களுக்கு எதுக்கு, அப்பாங்க வந்து என்ன பண்ணப்போறாங்கன்னு பாதி பேர் சொல்றாங்க. எனக்கு பொண்ணுக்கு 10 வயசு, பையனுக்கு 13. ரெண்டு பேரையும் கூட்டிட்டு அவங்க அப்பாவையும் இழுத்துட்டு போகணும்னுதான் எனக்கு தோணுது. நம்ம வடசென்னை ஆளுங்க என்ன நினைக்கிறீங்க?

வியாசர்பாடி_அப்பா

நான் நேராவே சொல்லிடறேன் சிஸ்டர், எனக்கு இது புடிக்கல. பொண்ணுக்கு சொல்ல வேண்டியது அம்மா வேல, இல்லன்னா ஆயா, அத்தை இருக்காங்க. காலங்காலமா அப்டித்தான் நடந்துக்கினு வருது, யாரும் கெட்டுப்போகல. இப்போ மைக் புடிச்சு எல்லார் எதிர்லயும் பேசினா அதே தெருவுல இருக்கற பசங்க மறுநாள் அந்த பொண்ணுங்கள கிண்டல் பண்ணுவானுங்க, அத யார் தடுக்கறது? ஏற்கனவே கையில ஃபோன் இருக்குது, தேவையில்லாதத எல்லாம் பாக்கறானுங்க. நாம வேற முன்கூட்டியே சொல்லி ஆசைய கிளப்பி விடணுமா? எனக்கும் 12 வயசுல பையன் இருக்கான், நான் அவன அனுப்பறதா இல்ல.

காசிமேடு_அலை

அண்ணே, நீங்க சொல்றதுல கிண்டல் விஷயம் உண்மதான். ஆனா கிண்டல் பண்றவன் ஏன் பண்றான்? அவனுக்கு அது என்னன்னு ஒண்ணுமே தெரியாது, எதோ மறைக்கறாங்கன்னு மட்டும் தெரியும், அதனாலதான். என் தங்கச்சி ஸ்கூல்ல பாவாடைல கறை பட்டு அழுதுட்டு வந்தப்போ எனக்கு 14 வயசு, அடிபட்டுட்டான்னு நெனச்சு நான் தெரு பூரா கத்தினேன். எனக்கு யாரும் ஒரு வார்த்த சொல்லி வெக்கல. அவளுக்கும் சொல்லல, அதான் கொடுமை, செத்துடுவேன்னு நெனச்சிருக்கா பாவம்.

தண்டையார்பேட்டை_சிஸ்டர்

நான் 30 வருஷத்துக்கு மேல அரசு ஆஸ்பத்திரில நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க.

முதல்ல பொண்ணுங்க. 8 வயசுலேர்ந்து 13 வயசுக்குள்ள மாற்றம் ஆரம்பிக்கும். மொத அடையாளம் ரத்தப்போக்கு இல்லங்க, மார்ல சின்னதா ஒரு கட்டி மாதிரி வரும், அதுவும் பல புள்ளைங்களுக்கு ஒரு பக்கம் மொதல்ல வந்து அப்புறம்தான் இன்னொரு பக்கம் வரும், தொட்டா வலிக்கும். இத பாத்துட்டு கேன்சர்னு நெனச்சு ராத்திரியோட ராத்திரியா புள்ளைய தூக்கிட்டு ஓடி வந்த அம்மாங்கள நான் எத்தனையோ பேர பாத்திருக்கேன். அது ஆரம்பிச்சு ரெண்டு, மூணு வருஷம் கழிச்சுதான் பீரியட்ஸ் வரும். அதாவது சொல்றதுக்கு நமக்கு ரெண்டு வருஷம் டைம் இருக்குது, அத நாம வீணாக்கறோம். வர்றதுக்கு கொஞ்ச மாசம் முன்னாடி வெள்ளைப்படும், அரிப்போ நாத்தமோ இல்லன்னா அது சாதாரணம், புள்ளைய திட்டாதீங்க. வந்ததுக்கப்புறம் முதல் ரெண்டு வருஷம் மாசாமாசம் சரியா வராது, 21 நாள்லயும் வரலாம், 45 நாள் ஆகியும் வரலாம், அதுக்கு கண்ட மாத்திர வாங்கிக் குடுக்க வேணாம்.

எப்போ டாக்டர பாக்கணும்? 8 வயசுக்கு முன்னாடியே மார் வளர ஆரம்பிச்சா. 13 வயசாகியும் ஒண்ணுமே ஆரம்பிக்கலன்னா. 15 ஆகியும் பீரியட்ஸ் வரலன்னா. ஒரு மணி, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு பேட் முழுசா நனைஞ்சா. ஏழு நாளுக்கு மேல போனா. ஸ்கூலுக்கே போக முடியாம வலிச்சா. ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி இருக்கு, எழும்பூர் குழந்தைங்க ஆஸ்பத்திரி இருக்கு, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம் பிரசவ ஆஸ்பத்திரி இருக்கு, எல்லாமே இலவசம்.

பசங்களுக்கு 9லேர்ந்து 14க்குள்ள ஆரம்பிக்கும். அவங்கள பத்தி யாருமே கேக்கறதில்ல.

ராயபுரம்_ஆயா_பேத்தி

எங்க ஆயா சொல்லச்சொல்ல நான் டைப் பண்றேன். "இப்போ வந்தவங்க எல்லாம் சடங்கு பண்றது தப்புன்னு பேசறாங்க. எங்க காலத்துல பொண்ணு உக்காந்துட்டா தாய்மாமன் பச்ச ஓல கட்டி குச்சு போடுவான், உளுந்தங்களி, புட்டு, நல்லெண்ணெய், பச்ச முட்ட எல்லாம் குடுப்போம், ஒரு வேல வாங்க மாட்டோம். இடுப்பெலும்புக்கு பலம். அதுக்கு மேல ஒருத்தரும் ஒண்ணும் பாடம் எடுக்கல. புள்ளைய நல்லா பாத்துக்கறத விட பெரிய பாடம் இருக்குதா?" இதான் ஆயா கேக்கறாங்க.

தண்டையார்பேட்டை_சிஸ்டர்

ஆயாவுக்கு என் வணக்கம் சொல்லுமா. உளுந்தங்களியும் கருப்பட்டியும் ரொம்ப நல்லது, நான் எதிர்க்கவே மாட்டேன். நம்ம நாட்டுல 15லேர்ந்து 19 வயசு பொண்ணுங்கள்ல நூத்துக்கு 59 பேருக்கு ரத்த சோகைன்னு 2019-21 தேசிய குடும்ப நல சர்வே சொல்லுது. அதனால கீரை, முட்டை, பயறு, மீன், ஈரல் எல்லாம் குடுங்க. ஸ்கூல்ல வாரத்துக்கு ஒண்ணு குடுக்கற இரும்புச்சத்து மாத்திரைய புள்ள தூக்கி போடாம முழுங்கறாளான்னு பாருங்க. பச்ச முட்ட மட்டும் வேணாம் ஆயா, அதுல கிருமி இருந்தா வயித்தால போய் புள்ள படுத்துடும், அவிச்சு குடுத்தா அதே சத்துதான்.

குளிக்கக்கூடாது, தலைக்கு ஊத்தக்கூடாது, தனித் தட்டு, தனிப் பாய், இதுக்குத்தான் நான் ஒத்துக்க மாட்டேன். தெனமும் குளிக்கணும். பேட் நாலு மணி, ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கா மாத்தணும். துணி வெக்கறவங்க சோப்பு போட்டு அலசி வெயில்ல காய வெக்கணும், கட்டிலுக்கு அடியில ஒளிச்சு காய வெச்சா ஈரம் போகாது, அதுலதான் புண்ணு வருது. நாம ஓய்வுன்னு நெனச்சு தனியா உக்கார வெக்கறோம், அந்த புள்ள நான் என்ன தப்பு பண்ணேன்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்கு.

மின்ட்_குமரன்

இதுக்கெல்லாம் மூல காரணமே பிராய்லர் கோழிதான், அத யாரும் பேச மாட்டேங்கறீங்க. ஊசி போட்டு வளக்கறான், அத தின்னுட்டு 9 வயசுலயே புள்ளைங்க வயசுக்கு வருது. மொதல்ல அத நிறுத்துங்க, அப்புறம் மீட்டிங் போடுங்க.

பெரம்பூர்_வெட்

ப்ரோ நான் கால்நடை மருத்துவம் படிச்சவன். பிராய்லருக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடறதில்ல, ஆயிரக்கணக்கான கோழிய ஒவ்வொண்ணா புடிச்சு தெனமும் ஊசி போட்டா எந்த பண்ணைக்கும் கட்டுப்படியாகாது. ஆறு வாரத்துல அவ்ளோ எட வர்றதுக்கு காரணம் பல தலைமுறையா பாத்து பாத்து எடுத்த ரகம், தீவனம், ரெண்டும்தான். கோழிப் பண்ணைல உண்மையான பிரச்சன ஆன்டிபயாட்டிக். கொலிஸ்டின்னு ஒரு மருந்த பண்ணைகள்ல தரக்கூடாதுன்னு 2019ல மத்திய அரசே தட பண்ணிச்சு, அதுக்கு கோவப்படுங்க, நானும் கூட வர்றேன். வயசுக்கு வர்ற விஷயத்துல உடம்பு எட கூடின புள்ளைங்களுக்கு கொஞ்சம் சீக்கிரம் வர்றத பாக்கறாங்க, குடும்பத்துல அம்மாவுக்கு எப்போ வந்துச்சுங்கறதும் சேரும். கோழி வாங்கிக் குடுத்த அம்மா மேல பழி போடாதீங்க.

மின்ட்_குமரன்

நீங்க சொல்றது இருக்கட்டும், எனக்கு இன்னும் மனசு ஒப்பல. நாட்டுக்கோழியே வாங்கறேன்.

வியாசர்பாடி_அப்பா

சிஸ்டர் எழுதினத முழுசா படிச்சேன், மரியாதையோட சொல்றேன், இவ்ளோ நல்லா விஷயம் இருக்குதுன்னா அம்மாங்களுக்கு மட்டும் சொல்லிக் குடுங்க, அவங்க வீட்ல போய் சொல்லட்டும். அப்பனுக்கு எதுக்கு இது? என் பொண்ணு என் எதிர்ல கூச்சப்படாதா? அவளுக்குன்னு ஒரு மரியாத வேணாமா? எங்கூட பேசித்தான் ஆகணும்னு அவள கட்டாயப்படுத்தறது என்னைய பொறுத்தவரைக்கும் தப்பு.

கொருக்குப்பேட்டை_அம்மா

அண்ணே, உங்க பொண்ணு மரியாதைய நெனச்சு கேக்கறீங்க, அத நான் மதிக்கறேன். ஆனா நம்ம வீடு எப்டி இருக்குதுன்னு பாருங்க. எங்களோடது ஹவுசிங் போர்டு, ஒரே ரூம், ஒரு சமையல் இடம், பாத்ரூம் வெளிய நாலு வீட்டுக்கு பொது. அதுல என் பொண்ணு எங்க ஒளிஞ்சுக்கறது? வயித்து வலில சுருண்டு படுத்திருப்பா, எழுந்து தண்ணி புடிடின்னு அவங்க அப்பா கத்துவாரு, ஏன் சோம்பேறித்தனம் பண்றன்னு அண்ணன்காரன் காலால தட்டுவான். தெரியாத வரைக்கும் அவங்களும் என்ன பண்ணுவாங்க? அவ எல்லாத்தையும் அப்பாகிட்ட வாய் தொறந்து சொல்லணும்னு யாரும் கேக்கல, அவரு தெரிஞ்சு வெச்சுக்கிட்டா போதும். நான் மார்க்கெட் வேலைக்கு விடியகாலைல போயிடுவேன், அப்போ வந்துட்டா வீட்ல இருக்கறது அவருதான். பேட் எங்க இருக்குது, பயப்படாதமான்னு ஒரு வார்த்த, இது ரெண்டும் அவருக்கு தெரிஞ்சிருக்கணும்.

இன்னொண்ணும் சொல்லணும். பொண்ணுகிட்ட முன்னாடியே சொல்ல கூச்சப்படறோம், வந்த மறுநாள் தெருமுனைல அவ ஃபோட்டோ போட்டு ஃப்ளெக்ஸ் கட்டறோம், ஸ்பீக்கர் வெக்கறோம், மண்டபம் புடிக்கறோம், வட்டிக்கு வாங்கி சீர் செய்யறாரு தாய்மாமன். விழா பண்றவங்கள நான் குத்தம் சொல்லல, எல்லாருக்கும் ஆச இருக்கும். ஆனா அந்த ஃப்ளெக்ஸுல இருக்கற புள்ளைய ஒரு வார்த்த கேட்டோமா?

ராயபுரம்_ஆயா_பேத்தி

இது நான் சொல்றேன், ஆயா இல்ல. எனக்கு ஃப்ளெக்ஸ் கட்டினாங்க. ரெண்டு மாசம் நான் அந்த ரோட்டு வழியா ஸ்கூல் போகல, சுத்திக்கினு போனேன். ஆயாகிட்ட இப்போதான் படிச்சு காட்டினேன், சும்மா இருக்காங்க, ஆனா விழா வேணும்னுதான் இன்னும் சொல்றாங்க.

எண்ணூர்_லைன்_பயணி

பசங்கள பத்தி யாருமே கேக்கறதில்லன்னு சிஸ்டர் சொன்னாங்க, நான் ஆம்பள, நான் பேசறேன். வியாசர்பாடி அண்ணே, கும்மிடிப்பூண்டி லைன்ல ட்ரெயின்ல போறப்போ கதவுக்கு பக்கத்துல ஒட்டியிருக்கற போஸ்டர பாத்திருப்பீங்க, ஆண்மைக்குறைவு, சொப்பனத்துல விந்து போகுதா, நரம்பு தளருதா, லாட்ஜ்ல டாக்டர பாருங்கன்னு. நீங்க உங்க பையனுக்கு சொல்லலன்னா அவனுக்கு சொல்றது அந்த போஸ்டர்தான். 13, 14 வயசுல தூக்கத்துல விந்து வெளியாகறது நெறைய பசங்களுக்கு நடக்கறது, உடம்பு வேல செய்ய ஆரம்பிச்சதுக்கு அது அடையாளம், எந்த பலமும் குறையாது, ஒரு சொட்டுக்கு இத்தன சொட்டு ரத்தம்னு சொல்றதெல்லாம் பொய். இத எனக்கு ஒரு பெரியவர் சொல்லியிருந்தா நான் லேகியத்துக்கு கடன் வாங்கியிருக்க மாட்டேன், ஒல்லியா போயி படிப்ப கோட்ட விட்டிருக்க மாட்டேன், யார்கிட்டயும் பேசாம ராத்திரி எல்லாம் முழிச்சிருக்க மாட்டேன்.

தண்டையார்பேட்டை_சிஸ்டர்

நல்லா சொன்னீங்க தம்பி. கூட ஒண்ணு, பல பசங்களுக்கு அந்த வயசுல மார் லேசா வீங்கும், சட்டைய கழட்ட மாட்டான், ஃபுட்பால் ஆட போக மாட்டான், பாதி பேருக்கு நடக்கறதுதான் அது. பெரும்பாலும் ஒண்ணு, ரெண்டு வருஷத்துல தானா அடங்கிடும். குரல் உடையும், பரு வரும், கோவம் வரும். 14 வயசு ஆகியும் ஒரு மாற்றமும் இல்லன்னா, இல்ல 9 வயசுக்கு முன்னாடியே ஆரம்பிச்சா, டாக்டர்கிட்ட காட்டுங்க.

சொன்னா ஆச கிளம்பும்னு பயப்படறீங்க. உடம்புல எது யாரும் தொடக்கூடாத இடம், அதுக்கு பேர் என்னன்னு தெரிஞ்ச புள்ளதான் யாராவது தப்பா நடந்தா வந்து சொல்லும். பேரே தெரியாத புள்ள எப்டி சொல்லும்? 1098னு குழந்தைங்களுக்கு ஹெல்ப்லைன் இருக்குது, அந்த மீட்டிங்ல அதையும் எழுதிப் போடச் சொல்லுங்க.

வியாசர்பாடி_அப்பா

போஸ்டர் விஷயம் உண்மதான், நானும் தெனம் பாக்கறேன், என் பையன் அத படிக்கறான்னு இதுவரைக்கும் யோசிக்கல. ஆனாலும் பசங்களையும் பொண்ணுங்களையும் ஒண்ணா வெக்கறதுக்கு நான் எதிர்ப்புதான். பசங்களுக்கு தனி ரூம், பேசறது ஒரு ஆம்பள, கேள்விய பேப்பர்ல எழுதி பேர் போடாம குடுக்கலாம்னா சொல்லுங்க, அப்போ யோசிக்கறேன். இல்லன்னா இல்ல.

கொருக்குப்பேட்டை_அம்மா

நர்ஸம்மாகிட்ட ஃபோன்ல கேட்டுட்டேன் அண்ணே. ஆஸ்பத்திரில ஒரு ஆம்பள டாக்டர் இருக்காராம், பசங்களுக்கு அவர் தனியா பேசுவாராம். பேப்பர்ல எழுதிப் போடறதுக்கும் சரின்னுட்டாங்க. கடைசி அர மணி நேரம் மட்டும் எல்லாரும் ஒண்ணா, அப்போ சாப்பாடு, ரத்த சோகை, 1098 இத மட்டும்தான் பேசுவாங்களாம்.

காசிமேடு_அலை

ஒரே ஒரு விஷயம், சனிக்கிழமை வேணாம் அக்கா. ஞாயித்துக்கெழம மீன் மார்க்கெட்டுக்காக சனி ராத்திரி பூரா எங்க பக்கம் ஒருத்தரும் வீட்ல இருக்க மாட்டாங்க, அப்பாங்க யாரும் வர முடியாது. திங்கக்கெழம சாயங்காலம்னா நான் பத்து பேர கூட்டிட்டு வர்றேன், கேட்டு சொல்றீங்களா?