ஆளுக்கு இவ்வளவா, ஓடின அளவுக்கா? ஆபீஸில் ஏஐ பில் கட்டுகிறவர்களின் அனுபவம்

லிங்கிச்செட்டித் தெரு, கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸ்

எங்கள் ஆபீஸில் பதினான்கு பேர். நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சரக்குக்கு கஸ்டம்ஸில் கொடுக்கிற படிவம்) போடுகிறவர்கள் நான்கு பேர்தான். மற்றவர்கள் கஸ்டம்ஸ் ஹவுஸ், ஹார்பர், மணலி சிஎஃப்எஸ் (கன்டெய்னர் வைக்கிற கிடங்கு) என்று வெளியே அலைகிறவர்கள், அப்புறம் அக்கவுண்ட்ஸில் நானும் ஒரு அக்காவும். ஏஐ வாங்கலாம் என்று முதலாளி முடிவு செய்ததும், விற்க வந்தவர் கேட்ட முதல் கேள்வி "எத்தனை பேர் சார்?" என்பதுதான். எங்களை மாதிரி ஆபீஸுக்கு அந்தக் கேள்வியில் ஆரம்பிக்கவே கூடாது என்பது என் கட்சி. யார் எவ்வளவு உபயோகிப்பார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் ரேட்டுக்கே வரவேண்டும்.

கணக்கைப் பாருங்கள். சாட்ஜிபிடி டீம் திட்டம் 2024 ஜனவரியில் வந்தபோது மாதாமாதம் கட்டினால் ஆளுக்கு 30 டாலர், வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் மாதம் 25. மைக்ரோசாஃப்ட் 365 கோபைலட் 2023 நவம்பரில் பெரிய கம்பெனிகளுக்கு வந்தபோதும் அதே 30 டாலர்தான், அதுவும் ஏற்கெனவே கட்டுகிற ஆபீஸ் சந்தாவுக்கு மேலே. முதலில் 300 பேருக்குக் குறைந்தால் தரவே மாட்டோம் என்றார்கள், 2024 ஜனவரியில்தான் அந்த நிபந்தனையை எடுத்தார்கள். டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆளுக்கு 2,550, பதினான்கு பேருக்கு 35,700. இதில் ஹார்பர் கேட்டில் வெயிலில் நிற்கிற பையனும் சேர்த்தி. அவனுக்கு மாதத்தில் ஒன்றிரண்டு மெயில் எழுதத்தான் அது தேவைப்படும். கும்மிடிப்பூண்டி லைனில் தினமும் வேலைக்குப் போகிறவர் சீசன் டிக்கெட் எடுப்பார், மாதம் ஒருமுறை உறவுக்காரர் வீட்டுக்குப் போகிறவர் எடுக்க மாட்டார் இல்லையா, அதேதான்.

கடைசியில் என்ட்ரி போடுகிற நான்கு பேருக்கு மட்டும் சீட், அதாவது ஆளுக்கு இவ்வளவு என்கிற சந்தா, வாங்கினோம். பேப்பர் படிக்கிற வேலையை ஏபிஐ (நம் புரோகிராம் நேராக ஏஐயிடம் கேட்கிற வழி) வழியாக, ஓடின அளவுக்குக் காசு என்று வைத்தோம். தண்டையார்பேட்டைத் தம்பி ஒருவர் அதற்கு ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தார். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (கப்பல்காரர் தருகிற சரக்கு ரசீது) மூன்றையும் ஸ்கேன் செய்து ஃபோல்டரில் போட்டால், சரக்கு விவரம், எடை, கன்டெய்னர் நம்பர், சீல் நம்பர் எல்லாம் எக்செல்லில் வந்து விழும். சரிபார்க்க இரண்டாம் தடவை போட்டால், மூன்றிலும் எடை ஒத்துப்போகாத வரி சிவப்பாக வரும். சரக்கு என்ன வகை என்று காட்டுகிற எச்எஸ்என் கோடு மட்டும் எங்கள் சீனியர்தான் போடுவார், அதை இதன் கையில் விடுவதில்லை.

இதற்கு என்ன செலவு என்றால், 2024 கடைசியில் ஓப்பன்ஏஐயின் ஜிபிடி-4ஓ மாடலுக்கு ரேட், பத்து லட்சம் டோக்கனுக்கு (ஏஐ எழுதினதை நறுக்கி எண்ணுகிற துண்டு) உள்ளே போவது 2.50 டாலர், வெளியே வருவது 10 டாலர். ஒரு செட் பேப்பருக்கு 5,000 உள்ளே, 1,000 வெளியே என்று தாராளமாகவே வைத்தாலும் இரண்டு ரூபாய்க்குள் முடிந்துவிடும். எங்கள் தொழிலில் வேலை சீராக வராது. கப்பல் வந்து நிற்கிற வாரத்தில் பேப்பர் குவியும், புயல் கூண்டு ஏற்றிவிட்டால் மேஜையில் ஒன்றும் இருக்காது. பேப்பர் வராத நாளில் காசும் ஓடாது என்பது எங்களுக்குப் பெரிய நிம்மதி.

ஆனால் அளவுக்குக் காசு என்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். நடுவில் முதலாளி சிக்கனம் என்று நினைத்து, நான்கு சீட்டையும் நிறுத்திவிட்டு எல்லாரையும் மீட்டருக்கு மாற்றினார். யார் பேரில் எவ்வளவு ஓடியது என்று தினமும் சாயங்காலம் வாட்ஸ்அப் குரூப்பில் போடச் சொன்னார். முதல் இடத்தில் வந்த பெண் எங்கள் ஆபீஸிலேயே அதிகம் என்ட்ரி போடுகிறவள். அவள் தொகைதான் அதிகம் வரும், வேறு எப்படி வரும்? ஆனால் குரூப்பில் பேரைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இரண்டாம் தடவை சரிபார்க்கப் போடுவதை நிறுத்திவிட்டாள். அப்புறம் ஒரு கன்டெய்னரில் கிராஸ் வெயிட் பேக்கிங் லிஸ்டில் ஒன்றும் பில் ஆஃப் லேடிங்கில் வேறொன்றுமாக இருந்தது யார் கண்ணிலும் படாமல் ஃபைல் ஆகிவிட்டது. அமென்ட்மென்ட் போட்டு, பெட்டி சிஎஃப்எஸ்ஸில் கிடந்து, கிரவுண்ட் ரென்ட் என்று இட வாடகை கட்டி, பார்ட்டியிடம் பேச்சும் வாங்கினோம். அந்த இரண்டாம் சரிபார்ப்புக்கு இரண்டு ரூபாய் ஆகியிருக்கும்.

அன்றே குரூப்பில் போடுவதை நிறுத்தச் சொல்லி நான் சண்டையே போட்டேன். மீட்டர் ஓடட்டும், அதை நானும் முதலாளியும் பார்த்துக்கொள்கிறோம், வேலை செய்கிறவர் கண்ணில் அது படக் கூடாது. நான்கு சீட்டையும் திரும்ப வாங்கினோம். உங்கள் அனுபவம் எப்படி?

ஐகோர்ட் பக்கம், டைப்பிங் - மொழிபெயர்ப்பு ஆபீஸ்

அண்ணே, எங்களுக்கு வேலை முழுக்கத் தமிழ். கிரயப் பத்திரம், உயில், பழைய வில்லங்கச் சான்று என்று வக்கீல்களுக்கு ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுக்கிறோம். அளவுக்குக் காசு என்று போகிற தமிழ் ஆட்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டோக்கன் என்பது சொல்லும் இல்லை, எழுத்தும் இல்லை, அவர்கள் மாடல் எப்படி நறுக்குகிறதோ அப்படி. ஜிபிடி-4ஓ 2024 மே மாதம் வந்தபோது ஓப்பன்ஏஐயே ஒரு உதாரணம் காட்டியது: ஒரே செய்தி, பழைய முறையில் தமிழில் 116 டோக்கன், புது முறையில் 35. ஆங்கிலத்தில் அதே செய்தி 27-லிருந்து 24 ஆனது. அதாவது பழைய மாடலில் தமிழுக்கு ஆங்கிலத்தைவிட நான்கு மடங்குக்கு மேல் கட்டிக்கொண்டிருந்தோம், புதிதில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மாடலுக்கு மாடல் இது மாறும். ரேட் கார்டில் இரண்டு மாடலும் ஒரே விலை என்று போட்டிருந்தாலும் தமிழ் பத்திரத்துக்கு ஒரே பில் வராது. உங்கள் பத்திரம் ஒன்றை இரண்டிலும் ஓட்டி, எத்தனை டோக்கன் காட்டுகிறது என்று பாருங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள்.

நாங்கள் இப்போது சீட்தான் வைத்திருக்கிறோம், இரண்டே பேர், நாள் முழுக்க வேலை. சீட்டில் தமிழுக்கு என்று தனியாகக் காசு கூடுவதில்லை.

பெரம்பூர், சாஃப்ட்வேர்

சீட்டை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது என்பதற்கு எங்கள் துறையே சாட்சி. கோடு எழுத உதவுகிற கர்சர் 2025 ஜூனில், மாதம் 500 ரிக்வெஸ்ட் என்றிருந்ததை 20 டாலர் மதிப்புள்ள உபயோகம் என்று மாற்றியது. பலருக்கு எதிர்பாராத பில் வந்து, ஜூலையில் மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். அதே மாதிரி கோடு எழுத உதவுகிற கிட்ஹப் கோபைலட் பிசினஸ் ஆளுக்கு 19 டாலராக இருந்தது, ஆனால் 2025 ஜூனிலிருந்து பிரீமியம் ரிக்வெஸ்ட் (உசத்தி மாடலிடம் கேட்பது) ஆளுக்கு மாதம் 300 என்று எல்லை வைத்து, அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 4 சென்ட் என்று ஆக்கினார்கள். பேர் சீட்தான், உள்ளே ஒரு மீட்டர் ஒளிந்திருக்கிறது. ஆளுக்கு இவ்வளவு என்று எழுதியிருந்தால் "எதுவரைக்கும்?" என்று கண்டிப்பாகக் கேளுங்கள்.

பில் ஏன் எகிறுகிறது என்பதையும் சொல்கிறேன். ஒரே சாட்டில் பேசிக்கொண்டே போனால், ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் அதுவரை பேசினது முழுக்க மறுபடி உள்ளே போகிறது. காலையில் ஒட்டின நாற்பது பக்க பிடிஎஃப், சாயங்காலம் "நன்றி" என்று சொல்லும்போதும் கூடவே போகும். கேஷிங் (ஏற்கெனவே போனதை அவர்கள் பக்கம் எடுத்து வைத்துக்கொள்வது) இருந்தால் கொஞ்சம் தள்ளுபடி கிடைக்கும், அவ்வளவுதான். புது வேலைக்குப் புது சாட் என்கிற ஒரு பழக்கத்தை மட்டும் டீமுக்குக் கொண்டுவந்தோம், மாதக் கடைசியில் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது.

எம்.சி. ரோடு, ஜவுளி

எங்கள் கடைக்கு வாட்ஸ்அப்பில் பதில் சொல்கிற ஏஐ வைக்க ஒரு கம்பெனி வந்தது. ஆளுக்கும் இல்லை, டோக்கனுக்கும் இல்லை, ஒரு உரையாடலுக்கு இவ்வளவு என்றார்கள். வெளிநாட்டில் இது இப்போது சகஜமாம். சேல்ஸ்ஃபோர்ஸ் 2024-இல் ஏஜென்ட்ஃபோர்ஸ் என்கிற பதில் சொல்லும் ஏஐயைக் கொண்டுவந்தபோது உரையாடலுக்கு 2 டாலர், இன்டர்காம் கம்பெனியின் ஃபின் ஒரு பிரச்சினையைத் தீர்த்தால் 99 சென்ட். அங்கே ஒரு போன் கால் எடுக்க ஆகிற சம்பளத்தை வைத்துப் பார்த்தால் சரியாக இருக்கலாம். எம்.சி. ரோட்டில் 400 ரூபாய் நைட்டிக்கு "இந்த கலர் இருக்கா?" என்று கேட்பவருக்கு எண்பது ரூபாய் கொடுக்க முடியுமா? எங்களிடம் சொன்ன ரேட் அதைவிட ரொம்பக் குறைவுதான். ஆனாலும் தீபாவளிக்கு முந்தின மூன்று வாரம் வருகிற மெசேஜை நினைத்தாலே பயமாக இருந்தது. உரையாடல் எங்கே முடிகிறது, எங்கே அடுத்தது ஆரம்பிக்கிறது என்று ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொன்னோம். தரவில்லை. விட்டுவிட்டோம்.

திருவொற்றியூர், லாரி ஆபீஸ்

எங்கள் முதலாளி எதுவும் வாங்கவில்லை. பசங்க அவரவர் போனில் சொந்த அக்கவுண்டில் பார்ட்டி ரேட், ஜிஎஸ்டி நம்பர் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2025 ஜூலையில் ஏர்டெல் பெர்ப்ளெக்சிட்டி புரோ என்கிற ஏஐயை இலவசமாகக் கொடுத்ததிலிருந்து கேட்கவே வேண்டாம். ஆபீஸ் திட்டத்தில் நாம் போடுவதை வைத்து மாடலைப் பழக்க மாட்டோம் என்கிறார்கள், சொந்த அக்கவுண்டில் செட்டிங்கில் போய் நாமே நிறுத்தினால்தான் உண்டு. இதை முதலாளிக்கு எப்படிப் புரியவைப்பது என்று யாராவது சொல்லுங்கள்.

மணலி, ஃபேப்ரிகேஷன் பட்டறை

டாலரில் பில் வந்தால் ஜிஎஸ்டி எப்படி? மாதாமாதம் தொகை மாறினால் கார்டில் எடுக்குமா?

லிங்கிச்செட்டித் தெரு

திருவொற்றியூர் அண்ணே, வேறு பேச்சே வேண்டாம், உங்கள் பார்ட்டி ஒருவரின் ரேட் இன்னொருவர் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று மட்டும் கேளுங்கள். எங்கள் முதலாளி அதற்குத்தான் அசைந்தார்.

மணலி சார், ஜிஎஸ்டி பதிவு இருந்து உங்கள் நம்பரை அங்கே கொடுத்தால், வெளிநாட்டுக் கம்பெனி வரி போடாது. நீங்கள்தான் ரிவர்ஸ் சார்ஜில் 18 சதவீதம் ஐஜிஎஸ்டி ரொக்கமாகக் கட்டி, அப்புறம் கிரெடிட் எடுத்துக்கொள்ள வேண்டும். சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் கிரெடிட் கிடைக்காது, அந்த 18 செலவுதான், விலை ஒப்பிடும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.

கார்டு விஷயம்: ரிசர்வ் வங்கி விதிப்படி 15,000 ரூபாய்க்கு மேல் தானாக எடுக்க முடியாது, ஒவ்வொரு தடவையும் ஓடிபி வேண்டும். சீட் என்றால் தொகை முன்னாலேயே தெரியும். மீட்டரில் பில் ஒரு மாதம் 15,000-ஐத் தாண்டி, கார்டு முதலாளி பேரில் இருந்து, அவர் திருப்பதியில் இருந்தால் வேலை நின்றுவிடும். அதனால் ஏபிஐக்கு நாங்கள் முன்பணம்தான் போடுகிறோம், தீர்ந்தால் நிற்கும், அதற்கு மேல் ஓடாது. ஓப்பன்ஏஐயில் அந்த முன்பணம் ஒரு வருஷத்தில் காலாவதியாகிவிடும், மொத்தமாகப் போட்டு வைக்காதீர்கள்.