பொனாரூ பாதியில் ரத்து: செய்தது சரியா?

வாட்மேடை:
தெரியாதவர்களுக்காக முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் மான்செஸ்டர் என்று ஒரு சின்ன ஊர். அங்கே 700 ஏக்கர் பண்ணையில் 2002 முதல் நடக்கிற நான்கு நாள் இசைத் திருவிழாதான் பொனாரூ. கூடாரம் அடித்து அங்கேயே தங்கிப் பாட்டுக் கேட்பார்கள். 2025ல் ஜூன் 12, வியாழக்கிழமை தொடங்கியது. அன்று இரவு லூக் கோம்ஸ் பாடினார். மறுநாள் சாயங்காலமே மழையைக் காரணம் சொல்லி மொத்த விழாவையும் முடித்துவிட்டார்கள். டைலர் தி கிரியேட்டர், ஒலிவியா ரொட்ரிகோ, ஹோசியர் என்று கூட்டத்தை இழுத்த மூன்று பேருமே மேடை ஏறவில்லை.

நான் இந்த முறை போகவில்லை. 2019ல் அங்கே படித்துக்கொண்டிருந்தபோது போனேன். மேடைகளுக்குப் பெயரே வாட், விச், திஸ், தட். 'எந்த மேடை?' என்று ஒருவர் ஆங்கிலத்தில் கேட்க, இன்னொருவர் 'விச்' என்று பதில் சொல்ல, இரண்டு பேரும் விழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு இடம் அது. அதனால்தான் வயிறு எரிகிறது. 2020ல் கொரோனா, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. 2021ல் ஐடா புயல் மழை, தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது ரத்து. இப்போது மறுபடி மழை. டென்னசியில் மழை பெய்யும் என்பது இவர்களுக்கு இன்றைக்குத்தான் தெரியுமா?

சபாக்கிழவர்:
சேற்றில் புரண்டு காது கிழியக் கேட்பதற்குப் பெயர் சங்கீதமா? டிசம்பரில் இங்கே வாருங்கள். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கேட்கலாம், இடைவேளையில் போண்டாவும் உண்டு.

நள்ளிரவு:
ஐயா, போண்டாவுக்கு நான் வருகிறேன். ஆனால் இந்த இழையில் பேச்சு வேறு.

வாட்மேடை சொல்வதில் பாதி சரி. என் அறைத்தோழி ஒருத்தி பல மாதம் தவணை கட்டி டிக்கெட் வாங்கினாள். ஒலிவியாவுக்காக மட்டும். 'முக்கால் பணம் திரும்ப வருகிறதே, போதாதா' என்று யாராவது சொன்னால் எனக்கே கோபம் வரும்.

மைக்செட்காரன்:
தம்பி, நான் மதுரைப் பக்கம் 22 வருஷமாக மைக் செட் போடுகிறவன். பொனாரூ எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடித்தான் பார்த்தேன். மழையும் மண்ணும் எங்கேயும் ஒன்றுதான், அதனால் சொல்கிறேன்.

ரத்து என்றதும் எல்லோரும் வானத்தைப் பார்க்கிறீர்கள். நாங்கள் தரையைப் பார்ப்போம். மேடைக்கு மேலே விளக்கும் ஸ்பீக்கரும் டன் கணக்கில் தொங்கும். அதைத் தாங்குகிற கால் நிற்பது மண்ணில்தான். மண் ஊறிவிட்டால் பலகை போட்டாலும் ஒரு பக்கம் இறங்கும். அதைக்கூடச் சமாளித்துவிடலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல்லாயிரம் பேர் கூடாரத்தில் தூங்குகிற இடத்தில், ராத்திரி இரண்டு மணிக்கு ஒருத்தருக்கு நெஞ்சு வலி என்றால் ஆம்புலன்ஸ் எப்படிப் போகும்? சக்கரம் அச்சு வரைக்கும் புதைந்து நிற்கும். வெள்ளிக்கிழமை அறிவிப்பில், இருட்டில் அவசரமாகக் கிளம்பாதீர்கள், ராத்திரி தங்கிவிட்டுப் போங்கள் என்று சொன்னார்கள் இல்லையா? வண்டி நகராது என்பதுதான் அதற்கு அர்த்தம்.

வாட்மேடை:
அண்ணே, ஆம்புலன்ஸ் விஷயத்தில் நான் வாதாடவில்லை. என் கேள்வி வேறு. அந்த நிலத்தின் பெரும்பகுதி விழா நடத்துகிறவர்களுக்கே சொந்தம். வருஷா வருஷம் அதே இடம். 2021ல் முகாம் மைதானமெல்லாம் தண்ணீர், வண்டி ஓட்டவோ நிறுத்தவோ முடியாது என்று அவர்களே சொன்னார்கள். அதற்கப்புறம் நான்கு வருஷம் இருந்தது. வடிகால் வெட்டலாம், உள்பாதைக்கு ஜல்லி கொட்டலாம். வாடகை நிலமாக இருந்தால் சரி, சொந்த நிலத்துக்கு என்ன சாக்கு?

ஜெர்மனியின் ராக் அம் ரிங் விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். மெண்டிக் என்ற ஊரின் விமானத் திடலுக்கு மாறினார்கள். 2015லும் மின்னல், 2016லும் மின்னல், இரண்டாவது முறை 70 பேருக்கு மேல் காயம். கடைசி நாளுக்கு அனுமதி கிடைக்கவில்லை. 2017ல் பழைய இடமான நூர்பர்க்ரிங் கார்ப் பந்தயத் தடத்துக்கே திரும்பிவிட்டார்கள். காரணம் மின்னல் மட்டும் இல்லை, தெரியும். ஆனாலும் இடத்தை மாற்ற முடிந்தது அல்லவா?

ஹாம்பர்க்வாசி:
ஜெர்மனி என்றதால் உள்ளே வருகிறேன். எங்கள் ஊரிலிருந்து கொஞ்சம் வடக்கே வாக்கன். சுமார் 2,000 பேர் வசிக்கிற கிராமம். 1990லிருந்து அங்கே மெட்டல் இசை விழா. 'மழையோ வெயிலோ' என்பதுதான் அவர்களுடைய முழக்கமே. 2023ல் அந்த முழக்கத்துக்குச் சோதனை வந்தது. மழையில் வயலெல்லாம் களி. டிராக்டர் கட்டி கார்களை உள்ளே இழுத்தார்கள். ஒரு கட்டத்தில் அதுவும் முடியவில்லை. 85,000 பேர் வர வேண்டிய இடத்தில், ஆகஸ்ட் 2ஆம் தேதி இனி யாரும் வராதீர்கள் என்று கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே போய்விட்டவர்களுக்கு விழா நடந்தது, அயர்ன் மெய்டன் குழுவினர் வாசித்தார்கள். வெளியே மாட்டியவர்கள் வந்த வழியே திரும்பினார்கள், டிக்கெட் பணம் திரும்பக் கிடைத்தது.

பொனாரூவிலும் இப்படி ஏதாவது செய்திருக்கலாம். மொத்தமாக இழுத்து மூடியது சுலபமான வழி.

நள்ளிரவு:
இதில் எது நியாயம்? முன்னாலேயே லீவு போட்டு வந்தவனுக்குப் பாட்டு, கொஞ்சம் தாமதமாகக் கிளம்பியவனுக்கு நெடுஞ்சாலையோரத்தில் தூக்கமா? ஒருத்தருக்கும் இல்லை என்பது இதைவிட மேல்.

ஹாம்பர்க்வாசி:
வாழை இலை தீர்ந்துபோனால் உட்கார்ந்து சாப்பிடுகிறவனையும் எழுப்பி அனுப்புவீர்களா?

நள்ளிரவு:
ஹா ஹா, இதற்குப் பதில் யோசித்துவிட்டு வருகிறேன்.

கரிசல்காற்று:
நான் காப்பீட்டுத் துறையில் இருக்கிறேன். பணம் எப்படி ஓடுகிறது என்று யாரும் பேசவில்லையே.

பெரிய விழாக்கள் ரத்துக் காப்பீடு எடுப்பார்கள். திறந்தவெளி நிகழ்ச்சி என்றால் மோசமான வானிலைக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும், தனிப் பிரீமியம். பணம் கேட்டு வரும்போது நாங்கள் முதலில் கேட்பது, 'ரத்து செய்வதைத் தவிர வேறு வழி இல்லை என்பதற்கு என்ன ஆதாரம்?' என்பதுதான். வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கை, காவல்துறையோ தீயணைப்புத் துறையோ சொன்னது, மைதானப் படங்கள், எல்லாம் வேண்டும். டிக்கெட் சரியாகப் போகவில்லை, அதனால் மழை மேல் பழி போட்டு மூடிவிட்டேன் என்றால் ஒரு பைசா வராது. ஆகவே சோம்பேறித்தனத்தில் ரத்து செய்தார்கள் என்கிற பேச்சை நான் நம்பவில்லை. நான்கு நாள் விழாவை இரண்டாம் நாளில் மூடுவது போல நஷ்டமான வேலை அவர்களுக்கு வேறில்லை.

அதே சமயம் அந்தக் காப்பீடு விழா நடத்துகிறவருக்குத்தான். ரசிகர் கைக்கு வருவது டிக்கெட் பணம் மட்டும். விமானக் கட்டணம், வாடகை வண்டி, அலுவலகத்தில் போட்ட லீவு, இதெல்லாம் எந்தக் கணக்கிலும் இல்லை. பொனாரூவில் நான்கு நாள் டிக்கெட்டுக்கு 75 சதவீதம் திருப்பினார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு என்று ஒரு நாள் டிக்கெட் வாங்கியவர்களுக்கு முழுப் பணம். கணக்குக்குச் சரிதான். நான்கில் ஒரு நாள் நடந்தது, ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

வாட்மேடை:
கணக்குக்குச் சரி, ஞாயத்துக்கு? வியாழக்கிழமை என்பது கூடாரம் அடிக்கிற நாள் அக்கா. யாரும் வியாழனுக்காகப் பணம் கட்டவில்லை. கல்யாண விருந்தில் அப்பளம் மட்டும் வைத்துவிட்டு, 'நாலு அயிட்டத்தில் ஒன்று வந்துவிட்டது' என்று மொய்யில் கால்வாசியை எடுத்துக்கொள்வது போல இருக்கிறது.

கரிசல்காற்று:
லூக் கோம்ஸ் அப்பளமா? அவர் ரசிகர்கள் இந்த இழைக்கு வராமல் இருக்கட்டும்.

ஆனால் நீங்கள் சொல்வது புரிகிறது. நான்கு நாளுக்கும் ஒரே விலை என்று டிக்கெட்டில் எங்கேயும் பிரித்துப் போடவில்லை. பிரிக்கும்போது மட்டும் சமமாகப் பிரித்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். 'மழையோ வெயிலோ' என்ற வரியும் அப்படித்தான். கேட்க வீரமாக இருக்கும். ஒப்பந்தமாகப் படித்தால், மழை பெய்தால் பணம் கேட்காதே என்று ரசிகனிடம் கையெழுத்து வாங்குகிற வரி அது.

மைக்செட்காரன்:
பணத்தைப் பற்றி நீங்கள் பேசுங்கள். நான் ஒன்று சொல்லிவிடுகிறேன்.

சில வருஷம் முன்னால் ஒரு கிராமத்தில் கோயில் திருவிழா, ராத்திரி இன்னிசைக் கச்சேரி. ஊர் பெயர் வேண்டாம். ஒன்பது மணிக்கு மழை பிடித்தது. ஒலியைக் கலக்குகிற மிக்ஸர் பெட்டி மேல் தார்ப்பாய் போர்த்திவிட்டு நிற்கிறோம். அரை மணியில் விட்டது. வானத்தில் நட்சத்திரமே தெரிகிறது. கமிட்டிக்காரர்கள் ஆரம்பி ஆரம்பி என்கிறார்கள். சரி என்று ஜெனரேட்டரைப் போட்டோம். இரண்டாவது பாட்டில் அந்தப் பாடகி மைக்கைச் சட்டென்று தள்ளிப் பிடித்தார். பின்னால் வந்து, 'அண்ணே, மைக் உதட்டில் கடிக்குது' என்றார். ஓடிப்போய்ப் பார்த்தால், கசிகிற மின்சாரத்தைத் தரையில் இறக்குகிற எர்த் கம்பி அடித்த இடத்தில் மண் கரைந்து கம்பி சாய்ந்து கிடக்கிறது, ஒயர் கழன்று தண்ணீரில் மிதக்கிறது. அந்தப் பிள்ளை செருப்பில்லாமல் ஈரப் பலகையில் நின்று பாடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜெனரேட்டரை அணைத்துவிட்டேன். நாற்காலி பறந்தது, பாக்கிப் பணம் தர மாட்டோம் என்றார்கள்.

வானம் தெளிந்துவிட்டதே, ஏன் நிறுத்தினாய் என்று கேட்டவர்கள்தான் எல்லோரும். பாடகியின் உதட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

நள்ளிரவு:
படிக்கும்போதே கை சில்லிட்டது அண்ணே.

பெல்ஜியத்தின் புக்கல்பாப் விழா, 2011 ஆகஸ்ட் 18. சில நிமிஷப் புயலில் கூடாரமும் கம்பமும் சரிந்து ஐந்து பேர் செத்தார்கள். அதற்கப்புறம்தான் விழாவை ரத்து செய்தார்கள். அதே மாதம் ஐந்து நாள் முன்னால் அமெரிக்காவின் இண்டியானாவில், காற்றில் மேடைக் கூரை சாய்ந்து ஏழு பேர். அந்த இரண்டு இடத்திலும் முன்னாலேயே நிறுத்தியிருந்தால், நாம் இதே மாதிரி இழை திறந்து திட்டியிருப்போம்.

மின்னலுக்கு ஒரு விதி இருக்கிறது. கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கழித்துத்தான் கூட்டத்தைத் திரும்ப விடலாம். நடுவில் இன்னொரு இடி கேட்டால் மறுபடி முதலிலிருந்து 30. 2021 ஆகஸ்டில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பேரி மானிலோ பாடிக்கொண்டிருக்கும்போதே நடுப்பாட்டில் நிறுத்தினார்கள். கடைசியில் மொத்தமாகவே கைவிட்டார்கள்.

வாட்மேடை:
சரி, ஒத்துக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர்கள் இருந்த நிலையில் நானாக இருந்தாலும் ரத்துதான் செய்திருப்பேன். அந்த நிலைக்கு வந்து சேர்ந்தது எப்படி என்பதுதான் என் புகார். அதில் ஒரு அடி பின்வாங்க மாட்டேன். 700 ஏக்கருக்கும் வடிகால் போடச் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் போகிற பாதையாவது?

ஹாம்பர்க்வாசி:
இதில் வாட்மேடை பக்கம் நான். அண்ணன் சொன்ன எர்த் கம்பி மாதிரிதான் இதுவும். ஒரு முறை கழன்றதைப் பார்த்துவிட்டால் அடுத்த முறை ஆழமாக அடிக்க வேண்டாமா?

மைக்செட்காரன்:
அது சரியான கேள்வி. அந்த ராத்திரிக்கு அப்புறம் நான் இரண்டு கம்பி அடிக்கிறேன், மேட்டுப் பக்கமாகப் பார்த்து. இரண்டாவது கம்பிக்கு யாரும் காசு தருவதில்லை. பில்லில் எழுதினால், 'இது என்ன புதுசாக' என்று அடித்துவிடுவார்கள். அவர்கள் ஊரிலும் ஜல்லிக்கு யாரோ அப்படித்தான் அடித்திருப்பார்கள்.

சபாக்கிழவர்:
குறுக்கே வந்ததற்கு மன்னிக்கவும். 2023ல் பனையூரில் ரகுமான் கச்சேரி ஆகஸ்ட் 12 அன்று மழையால் தள்ளிப்போனது. எங்கள் தெருவிலேயே அத்தனை பேர் திட்டினார்கள். செப்டம்பர் 10 அன்று மழையில்லாமல் நடந்ததே, டிக்கெட் வைத்திருந்தவர்களே உள்ளே போக முடியாத கூட்டம். தள்ளிவைத்தவர்களைத் திட்டிய அதே ஆட்கள் அன்றைக்கு, ஏன் நடத்தினாய் என்று திட்டினார்கள்.

நள்ளிரவு:
ஐயா, போண்டாவோடு நிற்பீர்கள் என்று நினைத்தேன். தவறு என்னுடையது.

வாட்மேடை:
மைக்செட் அண்ணே, அந்தக் கோயில் கமிட்டி பாக்கியைக் கொடுத்தார்களா?

மைக்செட்காரன்:
இல்லை தம்பி. மறு வருஷம் வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். அந்தப் பாடகி மட்டும் இப்போதும் எந்தக் கச்சேரிக்கு ஒப்புக்கொண்டாலும் எனக்கு ஒரு போன் போட்டு, 'செட் யாருதுண்ணே, உங்களுக்குத் தெரியுமா?' என்று கேட்பார்.