நாவலில் இல்லாத தம்பிகள்: ஜமைக்கா கின்கெய்ட் வாசிப்பு

எம்.ஏ. ஆங்கிலத்தில் எங்களுக்கு, ஆன்டிகுவாவில் பிறந்த எழுத்தாளர் ஜமைக்கா கின்கெய்டின் 'அன்னி ஜான்' (1985) நாவல் பாடம். கரீபியன் தீவான ஆன்டிகுவாவில் ஒரே பிள்ளையாக வளரும் ஒரு சிறுமிக்கும் அவள் அம்மாவுக்கும் முதலில் அப்படியொரு ஒட்டுதல். வயது ஏற ஏறப் பகை. காலனியம், தாய்-மகள் உறவு என்று நோட்ஸ் எழுதிப் பரீட்சையும் முடிந்தது.

அப்புறம் ஆய்வுக்காக 'மை பிரதர்' (1997) எடுத்தேன். எய்ட்ஸால் இறந்த கடைசித் தம்பி டெவனைப் பற்றிய நினைவுக் குறிப்பு. கின்கெய்டுக்கு மூன்று தம்பிகள்! ஒன்பது வயதுவரைதான் அவர் தனிப் பிள்ளை. அதில் ஓர் இடம். பதினைந்து வயதில், இரண்டு வயது டெவனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அம்மா வெளியே போகிறார். இவர் படிப்பில் மூழ்கிவிட, குழந்தை அழுக்காக்கிய துணி மாற்றப்படாமலே கிடக்கிறது. திரும்பி வந்த அம்மா மகளின் புத்தகங்களைத் தேடியெடுத்துக் குவித்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிடுகிறார்.

இதைப் படித்துவிட்டு நாவலுக்குத் திரும்பினால், அந்த வீட்டில் தம்பிகள் இல்லாததே கண்ணை உறுத்துகிறது. அவருடைய அடுத்த நாவலான 'லூசி'யில் (1990) மூவரும் வந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு ஆண் குழந்தை பிறந்ததும், இவன் இங்கிலாந்து போய் டாக்டராவான், வக்கீலாவான் என்று பெற்றோர் பேசிக்கொள்கிறார்கள். மகளைப் பற்றி அப்படி ஒரு பேச்சும் இல்லை. எல்லாம் அவர் சொந்தக் கதைதானே என்று சிலர் ஒதுக்குவது எனக்கு ஒப்பவில்லை. சொந்தக் கதை என்றால் தம்பிகளை ஏன் ஒரு நாவலில் விட்டுவிட்டு அடுத்ததில் சேர்க்கவேண்டும்? என் ஆய்வேடு முழுக்க இந்தக் கேள்விதான்.

இன்னொரு வாசகரின் பதில்:

அக்கா, நான் 'எ ஸ்மால் பிளேஸ்' (1988) வழியாக வந்தவன். ஆன்டிகுவாவுக்கு வரும் வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணியை 'நீ' என்று கூப்பிட்டு விளாசும் கட்டுரை நூல். முதல் பக்கங்களில் எரிச்சலாகத்தான் இருந்தது, நம்மைத் திட்டுவது போலவே. நூலகப் பகுதி வந்ததும் சரி, இவர் வேறு ஆள் என்று தோன்றியது. 1974 நிலநடுக்கத்தில் சேதமான நூலகத்தில் 'பழுதுபார்ப்பு நிலுவையில்' என்ற பலகை பத்து வருடத்துக்கு மேல் அப்படியே தொங்குகிறது. சின்ன வயதில் அங்கிருந்து புத்தகம் திருடியதையும் ஒளிக்காமல் எழுதுகிறார். நீங்கள் சொன்ன மண்ணெண்ணெய்க் காட்சி எனக்குத் தெரியாது. 'மை பிரதர்' உடனே வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத டிரைவரான தன் அப்பாவை வைத்து கின்கெய்ட் எழுதிய 'மிஸ்டர் பாட்டர்' (2002) என்னிடம் இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாமா?