ஸ்ரீரங்கம் வீடு: லண்டனில் திக்கிய விமானம்

வியாழக்கிழமை

கதிர், இரவு 8:14
முரளி சித்தப்பா, ஓய்வாக இருக்கிறீர்களா? புதிய கிராபிக்ஸ் கார்டு போட்ட பிறகும் ஃப்ளைட் சிமுலேட்டர் திக்குகிறது. 4கே மானிட்டரில், லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கும்போது நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 படம்தான் வருகிறது. நேற்று ஏ320 விமானம் “ஃபார்ட்டி” என்று உயரம் சொன்ன நொடியில் படம் உறைந்து நின்றது. மறுபடி அசைந்தபோது சக்கரம் ஓடுதளத்தில் மோதியிருந்தது. மூக்கைத் தூக்கவே நேரம் கிடைக்கவில்லை.

அப்பா, இரவு 8:16
போன வாரம்தானே கார்டுக்கு அவ்வளவு பணம் கொடுத்தோம்?

கதிர், இரவு 8:17
கடையில் கேட்டேன் அப்பா. 4கே என்றால் இந்தக் கார்டு போதாது, இதைவிடப் பெரியதாகப் போட வேண்டும் என்கிறார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் ஆகுமாம்.

முரளி சித்தப்பா, இரவு 8:25
அண்ணா, ஒரு ரூபாய்கூட எடுக்க வேண்டாம். முதலில் அளந்து பார்ப்போம். கதிர், பிராசசர் அந்தப் பழைய ரைசன் 5 3600, கார்டு ஆர்டிஎக்ஸ் 4070 சூப்பர். சரிதானே? அந்த 24 ஃப்ரேம் வரும்போது கார்டின் பயன்பாடு எத்தனை சதவீதம்?

கதிர், இரவு 8:27
50 வாக்கில். பிராசசர் 28. இரண்டுமே பாதியாவது சும்மா இருக்கின்றன. அதனால்தான் குழப்பமாக இருக்கிறது.

முரளி சித்தப்பா, இரவு 8:36
இந்த 28 என்ற எண்ணை நம்பாதே. 3600இல் 6 கோர் (கணக்குப் போடும் அலகு), 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழை). டாஸ்க் மேனேஜர் காட்டுவது பன்னிரண்டின் சராசரி. ஒரு த்ரெட் மூச்சுமுட்ட ஓடி மற்றவை தூங்கினாலும் அது 8 சதவீதம் என்றுதான் காட்டும். இந்த விளையாட்டில் முக்கியமான வேலைகள் பெரும்பாலும் ஒரே த்ரெட்டில்தான் போகின்றன. அதிலும் விண்டோஸ் அந்த த்ரெட்டைக் கோர் விட்டுக் கோர் மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் தனித்தனி கோரின் வரைபடத்தைப் பார்த்தாலும் எதுவும் நூறைத் தொடாமல் இருக்கலாம்.

கார்டின் எண்ணைப் பார். அது 95க்கு மேல் நின்றால் கார்டுதான் தடை. 50இல் நிற்கிறது என்றால் அது யாருக்காகவோ காத்திருக்கிறது. ஆனால் ஒன்று, வி-சிங்க் (திரையின் வேகத்தோடு ஃப்ரேமைக் கட்டும் அமைப்பு) அல்லது ஃப்ரேம் வரம்பு ஏதாவது போட்டிருந்தாலும் கார்டு இப்படிச் சும்மா இருக்கும். அதைப் பார்த்துவிட்டுச் சொல்.

கதிர், இரவு 8:40
வி-சிங்க் இல்லை. வரம்பும் இல்லை. பிராசசரின் சூடு 78 டிகிரி.

முரளி சித்தப்பா, இரவு 8:41
வேகம்?

கதிர், இரவு 8:42
4.05 கிகாஹெர்ட்ஸ்.

முரளி சித்தப்பா, இரவு 8:43
நல்லது. அதன் உச்சமே 4.2தான். சூட்டினால் வேகம் குறையவில்லை, கூலரைத் தொட வேண்டியதில்லை.

ராதா அத்தை, இரவு 8:50
முரளி, எனக்கும் புரியும்படி சொல். கார்டும் பிராசசரும் ஆளுக்கு என்ன வேலை செய்கின்றன?

முரளி சித்தப்பா, இரவு 9:02
அக்கா, மார்கழியில் வடக்கு வாசல் தெருவில் நீங்கள் போட்ட கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். புள்ளி வைத்தது நீங்கள் ஒருவர். கோடு இழுத்ததும் நீங்கள். வண்ணப் பொடி நிரப்பியவர்கள் பத்துப் பெண்கள். பிராசசர் புள்ளி வைக்கிறது: விமானம் எங்கே, காற்று எந்தப் பக்கம், எந்தக் கட்டடம் கண்ணில் படும், மற்ற விமானங்கள் எங்கே, எல்லாவற்றையும் கணக்கிட்டு வரைய வேண்டிய பட்டியலைக் கொடுக்கிறது. கார்டு வண்ணம் நிரப்புகிறது. ஒவ்வொரு ஃப்ரேமும் ஒரு புதிய கோலம்.

4கே என்பது பெரிய கோலம். 3840க்கு 2160, ஏறக்குறைய 83 லட்சம் பிக்சல்கள், அதாவது வண்ணம் நிரப்ப வேண்டிய கட்டங்கள். முழு எச்டியைப் போல நான்கு மடங்கு. பொடி நான்கு மடங்கு செலவாகும், நிரப்புகிறவர்களுக்கு வேலை கூடும். ஆனால் புள்ளி வைக்கிறவருக்கு அதே 15 புள்ளி, 8 வரிசைதான். கடைக்காரர் பெரிய திரையைப் பார்த்ததும் இன்னும் பத்துப் பெண்களைக் கூட்டி வா என்கிறார். அவர்களோ ஏற்கெனவே பொடிக் கிண்ணத்தோடு உட்கார்ந்து காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

யாழினி, இரவு 9:05
ஆறு கோர் இருக்கிறதே, ஆறு பேரும் சேர்ந்து புள்ளி வைக்கக் கூடாதா?

ராதா அத்தை, இரவு 9:07
முடியாது யாழினி. முந்தின புள்ளி விழுந்தால்தானே அடுத்தது எங்கே என்று தெரியும்! ஓரத்துப் பூவை வேண்டுமானால் வேறொருவர் போடலாம்.

முரளி சித்தப்பா, இரவு 9:08
இதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது அக்கா.

கதிர், இப்போது சோதனை. அதே ஓடுதளம், அதே மேகம், அதே நேரம். ரெண்டர் ஸ்கேலிங் 100இல் இருப்பதை 50 ஆக்கு; வரையும் படத்தின் அகலமும் உயரமும் பாதியாகும். வேறு எதையும் மாற்றாதே.

கதிர், இரவு 9:21
செய்துவிட்டேன். படம் மங்கிவிட்டது, ஆனால் ஃப்ரேம் 24இலிருந்து 25. அவ்வளவுதான்! கார்டு 22 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. சித்தப்பா, போன வாரம் டிஎல்எஸ்எஸ் (படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் வசதி) போட்டுப் பார்த்தபோதும் இப்படித்தான் எதுவும் மாறவில்லை.

முரளி சித்தப்பா, இரவு 9:24
வரைய வேண்டிய பிக்சல்களை நான்கில் ஒன்றாக்கியும் ஒரே ஒரு ஃப்ரேம்தான் கூடியது. கார்டின் மேல் குற்றமில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. டிஎல்எஸ்எஸ்ஸும் கார்டின் சுமையைத்தான் குறைக்கும்.

இனி விளையாட்டையே கேட்போம். ஜெனரல் ஆப்ஷன்ஸில் டெவலப்பர் மோடை இயக்கு. மேலே ஒரு பட்டை வரும், அதில் டீபக், அதற்குள் டிஸ்ப்ளே எஃப்பிஎஸ். ஸ்கேலிங்கை மறுபடி 100 ஆக்கிவிட்டுப் படம் அனுப்பு.

கதிர், இரவு 9:33
(படம்)
“லிமிட்டட் பை மெயின் த்ரெட்” என்று சிவப்பில் எழுதியிருக்கிறது. மெயின் த்ரெட் 41 மில்லிசெகண்ட், ஜிபியு 20.

முரளி சித்தப்பா, இரவு 9:37
பார்த்தாயா? கார்டு தன் வேலையை 20 மில்லிசெகண்டில் முடிக்கிறது. அதன் கணக்குக்கு நொடிக்கு 50 படம் தரலாம். மெயின் த்ரெட்டுக்கு 41 ஆகிறது. ஆயிரத்தை 41ஆல் வகுத்தால் 24. உன் திரையில் வருவது அதுதான்.

அப்பா, இரவு 9:40
அப்படியானால் பிராசசரை மாற்றிவிடலாமா? கார்டு அளவுக்கு விலை இருக்காது அல்லவா?

முரளி சித்தப்பா, இரவு 9:44
அவசரம் வேண்டாம் அண்ணா. எனக்கு இந்த 41 இடிக்கிறது. 3600 பழையதுதான், 2019இல் வந்தது, ஆனாலும் இவ்வளவு மோசமில்லை. கதிர், டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திற. ஸ்பீட் என்ன?

கதிர், இரவு 9:46
2133.

கதிர், இரவு 9:46
நம்முடையது 3200 ரேம் ஆயிற்றே?

முரளி சித்தப்பா, இரவு 9:52
அதேதான். கடையில் கார்டோடு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸும் மாற்றினார்கள் அல்லவா? அப்போது பயாஸ், அதாவது மதர்போர்டின் அடிப்படை அமைப்பு, தன் ஆரம்ப நிலைக்குப் போயிருக்கும். ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அணைந்துவிட்டது. உன்னுடைய ரைசனில் கோர்களின் கூட்டத்தையும் ரேமையும் இணைக்கும் பாதை ரேமின் கடிகாரத்தோடு சேர்ந்து ஓடுகிறது. ரேம் மந்தமானால் அந்தப் பாதையும் மந்தமாகும். இந்த விளையாட்டோ நிமிடத்துக்கு நிமிடம் ரேமிலிருந்து ஊரையே அள்ளி எடுப்பது.

காலையில் கேபினெட்டைத் திறந்து ரேம் இருக்கும் இடத்தைப் படம் எடுத்து அனுப்பு. இரவில் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை

கதிர், காலை 7:05
(படம்)
பாட்டி டார்ச் பிடித்தார்.

முரளி சித்தப்பா, காலை 7:19
கோபம் வருகிறது கதிர். இரண்டு ரேமும் பக்கத்துப் பக்கத்தில் முதல் இரண்டு ஸ்லாட்டில் இருக்கின்றன. கூலருக்கு அடியில் கையை விட இடமில்லாமல் கழற்றியிருப்பார்கள், திரும்பப் போடும்போது வரிசையைப் பார்க்கவில்லை. அந்த இரண்டு ஸ்லாட்டும் ஒரே சேனல். இரண்டு வழிச் சாலை இருக்க ஒரே வழியில் எல்லாம் போகிறது.

சுவிட்சை அணைத்து, ஒயரைப் பிடுங்கிவிடு. பவர் பொத்தானை ஒரு முறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்று. கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு இரண்டு ரேமையும் எடு. பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது. ரேமின் அடியில் உள்ள வெட்டு ஸ்லாட்டின் மேட்டோடு பொருந்துகிறதா பார். இரு முனையையும் கட்டைவிரலால் அழுத்து. “டக்” என்று சத்தம் வர வேண்டும். சத்தம் வரவில்லை என்றால் உட்காரவில்லை என்று பொருள்.

பாட்டி, காலை 7:31
(குரல் பதிவு, 9 நொடி)

கதிர், காலை 7:48
இரண்டு பக்கமும் சத்தம் கேட்டது, பாட்டிக்கும் கேட்டதாம். பயாஸில் எக்ஸ்எம்பி போட்டேன். 3200 காட்டுகிறது. கல்லூரிக்கு நேரமாகிவிட்டது, மாலையில் ஓட்டிப் பார்க்கிறேன்.

கதிர், மாலை 6:22
ஹீத்ரோ, அதே இடம். மெயின் த்ரெட் 32. ஃப்ரேம் 31! எதுவும் வாங்கவில்லை சித்தப்பா, ரேமை இடம் மாற்றினேன், அவ்வளவுதான்.

அப்பா, மாலை 6:30
கடையில் போய்க் கேட்கப் போகிறேன்.

முரளி சித்தப்பா, மாலை 6:34
கேளுங்கள் அண்ணா, கேட்க வேண்டியதுதான். ஆனால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. இன்னும் மெயின் த்ரெட்தான் தடை.

கதிர், பிராசசரைத் தின்னும் அமைப்புகள் எவை என்று தெரிந்துகொள். நிழல், மேகம், கண்ணாடிப் பிரதிபலிப்பு எல்லாம் பெரும்பாலும் கார்டின் தலையில். அவற்றைக் குறைக்காதே, பயனில்லை. டெரெய்ன் லெவல் ஆஃப் டீடெய்ல் எத்தனை வைத்திருக்கிறாய்?

கதிர், மாலை 6:36
200.

முரளி சித்தப்பா, மாலை 6:41
100 ஆக்கு. தொலைவில் உள்ள நிலமும் கட்டடமும் எவ்வளவு நுணுக்கமாக இருக்க வேண்டும் என்பது அது. லண்டன் மாதிரி கட்டடம் நெருங்கிய ஊரில் அதுதான் மெயின் த்ரெட்டை மிதிக்கிறது. விமான நிலையத்து வண்டிகள், மற்ற விமானங்கள் பாதியாகக் குறையட்டும். காக்பிட் திரைகளின் புதுப்பிப்பு வேகத்தை மீடியம் ஆக்கு. ஏ320இல் அத்தனை திரை இருக்கிறதே, அவற்றை வரையவும் வேலைதானே.

கதிர், மாலை 7:10
மெயின் த்ரெட் 25, ஃப்ரேம் 40. கார்டு 75 சதவீதத்துக்கு வந்துவிட்டது.

யாழினி, மாலை 7:13
அண்ணா, ஃப்ரேம் ஜெனரேஷன் போட்டால் இரட்டிப்பாகும் என்கிறார்களே?

முரளி சித்தப்பா, மாலை 7:20
இந்தக் கார்டில் அது உண்டு யாழினி. இரண்டு படங்களுக்கு நடுவே கார்டே ஒரு படத்தை இட்டு நிரப்பும், பிராசசருக்காகக் காத்திருக்காது. கண்ணுக்கு வழுவழுப்பாகத் தெரியும். ஆனால் ஜாய்ஸ்டிக்கை இழுத்தால் விமானம் பதில் சொல்லும் வேகம் கூடாது. 24இல் அதைப் போட்டிருந்தால் 48 என்று எண் காட்டும், கைக்கு அதே 24இன் தாமதம். தரையிறங்கும்போது அதுதான் உயிர். இப்போது அடித்தளம் 40 ஆகிவிட்டதால் போட்டுப் பார்க்கலாம்.

கதிர், மாலை 7:24
பிராசசர் மாற்றவே வேண்டாமா?

முரளி சித்தப்பா, மாலை 7:33
மாற்ற வேண்டும் என்று ஒரு நாள் தோன்றினால் ரைசன் 7 5800எக்ஸ்3டி. 2022இல் வந்தது. உன் மதர்போர்டில் பிராசசர் உட்காரும் அதே சாக்கெட், பயாஸை மட்டும் முன்னதாகப் புதுப்பிக்க வேண்டும். அதில் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் நினைவகம்) 96 எம்பி. உன்னுடையதில் 32, அதுவும் இரண்டு பதினாறாகப் பிரிந்து கிடக்கிறது. ரேமுக்கு ஓடாமல் கையருகே வைத்துக்கொள்ள இடம் மூன்று மடங்கு. இந்த விளையாட்டுக்கு அது நன்றாகப் பொருந்தும். ரேம், போர்டு, கார்டு எதையும் மாற்ற வேண்டாம். ஆனால் செமஸ்டர் முடியட்டும். இந்த 40இல் ஒரு மாதம் ஓட்டிப் பார், போதவில்லை என்று நீயே சொன்னால் பேசுவோம்.

அப்பா, மாலை 7:36
சரி. அதற்கான பணத்தை நான் எடுத்து வைக்கிறேன். படிப்பை விட்டுவிடாதே.

சனிக்கிழமை

கதிர், மாலை 5:48
ஹீத்ரோ 27 எல் ஓடுதளம், குறுக்குக் காற்று. “ஃபிஃப்டி, ஃபார்ட்டி, தர்ட்டி” மூன்றும் சீராக வந்தன. “ட்வென்ட்டி”யில் மூக்கைத் தூக்கினேன், தூக்கிய உடனே தூக்கியது. சித்தப்பா, முதல் தடவையாகச் சக்கரம் தொட்டதே தெரியவில்லை!

முரளி சித்தப்பா, மாலை 5:50
வேறு ஊரில் ஓட்டிப் பார்த்தாயா? தடை இடத்துக்கு இடம் மாறும்.

கதிர், மாலை 6:15
அப்பா ஓசூரிலிருந்து வந்துவிட்டார், திருச்சியிலிருந்து விமானத்தைக் கிளப்பச் சொன்னார். இங்கே கட்டடச் சுமை குறைவு. 49 ஃப்ரேம், கார்டு 98 சதவீதம். இப்போது “லிமிட்டட் பை ஜிபியு” என்று எழுதுகிறது.

முரளி சித்தப்பா, மாலை 6:17
அந்த வரிக்காகத்தான் கார்டுக்குப் பணம் கொடுத்தீர்கள்.

கதிர், மாலை 6:21
(படம்)
வடக்கே திரும்பியதும் பாட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம், நடுவே நம் தீவு. இன்னும் தாழப் பறக்கச் சொல்கிறார்.