ஜாப்வொர்க் யூனிட் வெச்சிருக்கேன், ஒரேடியா சலிச்சுப் போச்சு, எப்படிச் சமாளிக்கிறீங்க?

வணக்கம்ங்க. திருப்பூர்ல சின்ன ஸ்டிச்சிங் யூனிட், ஜாப்வொர்க் மட்டும்தான், அதாவது அடுத்தவங்க குடுக்குற துணிய கூலிக்குத் தைச்சுக் குடுக்கிறது. காலைல எட்டரைக்கு ஆரம்பிச்சா ஒன்றரை ஷிப்ட் முடிஞ்சு, அப்புறம் செக்கிங், பில்லுன்னு வீட்டுக்குப் போயும் போன் நிக்காது. வியாழக்கிழமை ஆனாலே சனிக்கிழமை சம்பளத்துக்கு என்ன பண்றதுன்னு நெஞ்சு அடைக்குது. முன்னெல்லாம் மெஷின் சத்தம் கேட்டாலே தெம்பா இருக்கும், இப்ப வாசல்ல வண்டிய நிறுத்திட்டு உள்ள போகவே மனசு வரல.

பழைய பனியன்:
தம்பி, ரெண்டு நாள் ஊட்டி போய்ட்டு வாங்கன்னு சொல்வாங்க, போங்க, வேணாங்கல, ஆனா திரும்பி வந்தா அதே சனிக்கிழமைதான் நிக்கும். உங்கள அரிக்கிறது வேலை இல்ல, வராத காசு. உத்யம் நம்பர, அதான் சிறுதொழில்னு அரசாங்கத்துல பதிஞ்ச நம்பர, பில்லுலயே அடிங்க. மைக்ரோ, ஸ்மால் யூனிட்டுக்கு எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள், இல்லைன்னா 15 நாள்ல பணம் தரணும்னு சட்டமே இருக்கு. 2023-24 கணக்குல இருந்து, கெடு தாண்டி மார்ச் கடைசிலயும் பாக்கி நின்னா அந்தத் தொகைய ஆர்டர் குடுத்த பார்ட்டி வருமான வரிக்கு அந்த வருசச் செலவா காட்ட முடியாது, அதனால அவங்க ஆடிட்டரே விரட்டுவாரு. பாக்கி வரலைன்னா அரசாங்க போர்ட்டல்ல புகாரும் போடலாம், ஆனா ஒரே பார்ட்டிய நம்பி ஓட்டுறவங்களுக்கு அது கடைசி வழி, அடுத்த ஆர்டர் போயிரும். முதல்ல ரெண்டாவது பார்ட்டி புடிங்க, சின்ன ஆர்டரா இருந்தாலும் வாராவாரம் காசு தர்ற ஆளா.

ஓவர்லாக் அக்கா:
அண்ணன் சொல்றது சரிதான், ஆனா போனும் ஆளக் கொல்லும்ங்க. எங்களுக்கு நைட்டு பத்து மணிக்கு மெர்ச்சண்டைசர், அதான் கம்பெனில ஆர்டரப் பாத்துக்கிறவரு, பீஸ் எவ்ளோ ஆச்சுன்னு கேட்பாரு. இப்ப கட்டிங் வந்தது எவ்ளோ, அடிச்சது எவ்ளோ, செக்கிங்ல நின்னது எவ்ளோன்னு சூப்பர்வைசரே சாயங்காலம் வாட்ஸப் குரூப்ல போட்டுர்றாரு, அப்புறம் யாரும் கூப்பிடறதில்ல. ஜிஎஸ்டிக்கும் மாசாமாசம் ஓடாதீங்க, டர்ன்ஓவர் 5 கோடிக்குள்ளன்னா மூணு மாசத்துக்கு ஒரு ரிட்டர்ன் ஆப்சன் இருக்கு, முதல் ரெண்டு மாச வரிய மட்டும் அடுத்த மாசம் 25க்குள்ள கட்டிரணும்.

கொங்கு வாசகன்:
நெஞ்சு அடைக்குதுன்னு எழுதிருக்கீங்களே, அத டென்சன்னு தள்ளிராதீங்க, நாளைக்கே ஒரு ஈசிஜி எடுங்க. மனசுக்கு முடியலைன்னா 14416, டெலிமானஸ், கவர்மெண்ட்டோடது, எந்நேரமும் தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். காலைல முதல் வேலை ஈசிஜிதான். லோக்கல் ஆர்டர் குடுக்குறவங்க யாராச்சும் தெரிஞ்சா சொல்லுங்கண்ணா, ஓவர்லாக், பிளாட்லாக் ரெண்டு தையல் மெஷினும் இருக்கு, பேபி ஐட்டம் நல்லா அடிப்போம்.