கோவா 70.3: கடலில் இறங்கியதும் வரும் பதற்றத்துக்கு வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. கோவா மிராமர் கடற்கரையில் நடக்கும் அயர்ன்மேன் 70.3-க்கு (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் போட்டி) எங்கள் குழுவில் சிலர் தயாராகிறார்கள். நீச்சல் 1.9 கி.மீ. குளத்தில் நிற்காமல் 2 கி.மீ. போகிறவர்களுக்கே கடலில் முதல் 200 மீட்டரில் மூச்சு முட்டுகிறது. அங்கே தண்ணீர் வெதுவெதுப்புதான், குளிர் காரணமில்லை. கலங்கிய நீரும் பக்கத்தில் இடிக்கும் கைகால்களும் பயமுறுத்த, மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். மூச்சை நீருக்குள் முழுசாக விடாவிட்டால் அடுத்த மூச்சை இழுக்க இடமிருக்காது.

இப்போது பழக்குவது: குளத்தில் தடம் பிரிக்கும் கயிற்றை எடுத்துவிட்டு நான்கு பேர் ஒட்டி நீந்துவது, 6 கைவீச்சு கண்ணை மூடி நீந்துவது, 8 வீச்சுக்கு ஒருமுறை கண் மட்டும் மேலே வர, வழி காட்டும் மிதவையைப் பார்ப்பது (தலை முழுதும் எழுந்தால் இடுப்பு அமிழ்ந்துவிடும்). பதறினால் மல்லாந்து மிதந்து நீளமாக மூச்சை விட வேண்டும். போட்டியில் பாதுகாப்புக்கு நிற்கும் கயாக்கை (துடுப்புப் படகு) பிடித்து ஓய்வெடுக்கலாம், பிடித்தபடி முன்னேறத்தான் கூடாது. இந்த விதி தெரிந்தாலே பாதி பயம் குறைகிறது.

மிராமரில் நீந்தியவர்களே, அலை உடையும் இடத்தை எப்படித் தாண்டினீர்கள்? கூட்டத்தின் கடைசியில் நின்று தொடங்குவது உதவியதா? சென்னைப் பக்கம் கயாக் துணையோடு கடல் பயிற்சி தருபவர்கள் இருந்தால் சொல்லுங்கள். தனியாகக் கடலில் இறங்கிப் பழகும் யோசனை மட்டும் வேண்டாம்.