லீனியர் கைடு சத்தங்களுக்குத் தமிழ்ப் பெயர்: இடவொலி, உடனொலி, திருப்பவொலி

முதல் மடல்

குழுவினருக்கு வணக்கம்.

இயந்திரப் பராமரிப்புக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். லீனியர் கைடு பற்றிய இயலில் வந்து நின்றுவிட்டேன். நீளமான எஃகுத் தண்டு, அதன்மேல் ஏறி ஓடும் ஒரு கட்டை, கட்டைக்குள் சுற்றிச் சுற்றி வரும் சின்னச் சின்னக் குண்டுகள்: அமைப்பு இவ்வளவுதான். சி.என்.சி. இயந்திரத்திலும் முப்பரிமாண அச்சுப்பொறியிலும் இருப்பது. இது சத்தம் போட்டால் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி என்பதே இயலின் பொருள்.

ஆங்கிலக் கையேடுகளில் ஸ்க்வீல், ரம்பிள், கிளிக், ராட்டில் என்று பிரித்து எழுதுகிறார்கள். தமிழில் ஒலிக்குறிப்புச் சொற்களுக்குப் பஞ்சமில்லையே என்று கிரீச்சொலி, உறுமல், நறநறப்பு, தட்டொலி, கலகலப்பு என வைத்திருக்கிறேன். பாகங்களுக்கு: ரெயில் – தடம், பிளாக் – நகர்கட்டை, பால் – குண்டு, ரேஸ்வே (குண்டு உருளும் பள்ளம்) – ஓடுபள்ளம், எண்ட் கேப் – முனைமூடி, பிரீலோடு – முன்சுமை (குண்டுகளை இறுக்கமாகப் பொருத்தி முன்கூட்டியே ஏற்றும் சுமை). கலகலப்பு மட்டும் உறுத்துகிறது. இயந்திரம் பழுதாகும்போது யாரும் கலகலப்பாக இருப்பதில்லை. கருத்துச் சொல்லுங்கள்.

இரண்டாம் மடல்

வணக்கம்.

பாகங்களின் பெயர்கள் நன்றாக அமைந்திருக்கின்றன. பிரேக் கட்டை என்று ஏற்கெனவே வழங்குவதால் நகர்கட்டை காதுக்கு அந்நியமாகத் தெரியவில்லை. பந்து என்று போகாமல் குண்டு என்று வைத்ததும் சரி. கைடு என்பதற்கு வழிகாட்டி என்று எழுதாமல் விட்டதற்குத் தனியாக நன்றி. ‘வழிகாட்டி உடைந்துவிட்டது’ என்று படித்தால் சுற்றுலாத் துறைக்குத்தான் புகார் எழுதத் தோன்றும்.

சத்தங்களின் பெயர்களில்தான் மாறுபடுகிறேன். கலகலப்பை மட்டும் நீக்கினால் போதாது. அந்தப் பட்டியலில் எதையுமே தலைச்சொல்லாக வைக்கக் கூடாது என்பேன்.

ஒலிக்குறிப்பு, காதில் விழுந்ததைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. ஓடுபள்ளத்தில் உலோகத் துகள் சிக்கினால் ஒருவர் நறநற என்பார், இன்னொருவர் கரகர என்பார், மூன்றாமவர் சரசர என்பார். கிரீஸ் வற்றிய சீலும் (தடத்தை உரசியபடி தூசைத் தடுக்கும் உதடு) கிரீச்சிடும். இரண்டு தடங்களும் இணையாக இல்லாததால் இறுகிப்போன நகர்கட்டையும் கிரீச்சிடும். முன்னதற்குக் கிரீஸ் அடித்தால் போதும். பின்னதற்கு நகர்கட்டைகளின்மேல் பொருத்தியிருக்கும் மேசையையே கழற்ற வேண்டும். இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டால், படிப்பவர் இரண்டுக்கும் கிரீஸ்தான் அடிப்பார். சத்தம் சில நாள் அடங்கியிருந்துவிட்டுத் திரும்பி வரும்.

பழுதுபார்க்கத் தெரிந்தவர் முதலில் சத்தம் எங்கே வருகிறது, எப்போது வருகிறது என்றுதான் பார்க்கிறார். பெயரையும் அங்கிருந்தே எடுக்கலாம். தடத்தின் ஒரு குறிப்பிட்ட இடத்தைக் கடக்கும்போது மட்டும் வருவது இடவொலி. நகர்கட்டை எங்கே போனாலும் கூடவே வருவது உடனொலி. ஓட்டத்தின் திசை மாறும் கணத்தில் வருவது திருப்பவொலி. பெயரைப் படித்தவுடன் கை எங்கே போக வேண்டும் என்பது தெரிந்துவிடும்: இடவொலிக்குத் தடம், உடனொலிக்கு நகர்கட்டை, திருப்பவொலிக்கு இரண்டையும் விட்டுவிட்டு, மேசையை நகர்த்தும் திருகு, அதை மோட்டாரோடு இணைக்கும் கப்ளிங் ஆகியவை.

இடவொலியைத்தான் அதிகம் விளக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் அதன் காரணங்கள் பல. முதலில் சர்வோ (மேசையை ஓட்டும் மோட்டாரும் அதன் கட்டுப்பாடும்) மின்சாரத்தை நிறுத்தி, திருகையோ பெல்ட்டையோ கழற்றிவிட்டு, மேசையைக் கையால் மெதுவாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். (செங்குத்தாக நிற்கும் அச்சு என்றால் மேசை விழாமல் முட்டுக்கொடுத்த பிறகு.) சத்தம் வரும் இடத்தில் தடத்தின் பக்கவாட்டில் பென்சிலால் கோடு போடுங்கள். பல முறை தள்ளியும் அதே கோட்டில் வந்தால் அது இடவொலிதான். பிறகு கோடுகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளக்க வேண்டும். கையேடுகள் பெரும்பாலும் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. எனக்கு இதைவிடப் பயனுள்ள சோதனை தெரியாது. 15, 20, 25 அளவுத் தடங்களில் போல்ட் துளைகள் பொதுவாக 60 மில்லிமீட்டருக்கு ஒன்றாக இருக்கும். 30, 35 அளவுகளில் 80 மில்லிமீட்டர். உங்கள் கோடுகளும் அதே இடைவெளியில் விழுந்தால், துளையை அடைக்கும் மூடி தடத்தின் மேற்பரப்பைவிடச் சற்றுத் தூக்கி நிற்கிறது, சீலின் உதடு அதில் இடறுகிறது என்று பொருள். தட்டையான கட்டையை வைத்து மூடியை மட்டமாக அடித்து இறக்கினால் வேலை முடிந்தது. குண்டுகளின் விட்டத்துக்குச் சமமான நெருக்கத்தில் தடத்தில் வரிசையாகத் தழும்புகள் தெரிந்தால் கதை வேறு: இயந்திரம் ஓடாமல் நின்றிருந்தபோதோ, லாரியில் வந்தபோதோ அதிர்ந்து, குண்டுகள் ஒரே இடத்தில் தேய்த்த தடயம் அது. அந்தத் தழும்பு நகர்கட்டையின் ஓடுபள்ளத்திலும் விழுந்திருக்கும். ஆகவே இடவொலியும் உடனொலியும் சேர்ந்தே கேட்கும். கிரீஸ் அதற்கு மருந்தில்லை, தடத்தையும் நகர்கட்டையையும் மாற்றத்தான் வேண்டும். ஒரே ஒரு கோடு, அதுவும் இரண்டு தடத்துண்டுகள் சேரும் இடத்தில் என்றால், இணைப்பில் படி விழுந்திருக்கிறது. துண்டுகளில் பொறித்திருக்கும் இணைப்பு எண்கள் பொருந்துகின்றனவா என்று முதலில் பாருங்கள்.

குறிப்பிட்ட கோடு என்று எதுவும் இல்லாமல், ஒரு முனையை நோக்கிப் போகப் போகச் சத்தமும் இறுக்கமும் ஏறிக்கொண்டே போவதும் உண்டு. அப்படியென்றால் இரண்டு தடங்களும் இணை விலகியிருக்கின்றன. ஒரு தடத்தை ஆதாரமாக வைத்து, அதன் நகர்கட்டையில் டயல் கேஜை (நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் கருவி) பொருத்தி மற்றதை நெடுக அளந்தால் எங்கே விலகுகிறது என்று தெரிந்துவிடும்.

உடனொலிக்கு நகர்கட்டையின் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டும். நகர்கட்டை தடத்தின்மேல் எந்த வேகத்தில் போகிறதோ, அதில் பாதி வேகத்தில் குண்டுகள் தடத்தின்மேல் நகர்கின்றன. அதே பாதி வேகத்தில் நகர்கட்டைக்குள் பின்வாங்குகின்றன. முனைமூடியில் வளைந்து, திரும்புதுளை வழியாக மறுமுனைக்குப் போய், மீண்டும் சுமைக்குள் நுழைகின்றன. நகர்கட்டை நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போகிறது, குண்டின் விட்டம் 5 மில்லிமீட்டர், குண்டுகள் ஒன்றையொன்று ஒட்டியே வருகின்றன என்று வையுங்கள். நொடிக்கு 100 குண்டுகள் சுமைக்குள் நுழையும். அதாவது 100 ஹெர்ட்ஸ். வேகத்தைப் பாதியாக்கினால் 50. தொனி வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கினால், குண்டுகள் சுமைக்குள் நுழையும் ஒலி அது என்று துணிந்து சொல்லலாம். பக்கத்துப் பக்கத்துக் குண்டுகள் ஒரே திசையில் உருள்வதால், அவை ஒன்றையொன்று தொடும் இடத்தில் பரப்புகள் எதிரெதிர்த் திசையில் உரசிக்கொள்ளும். பைக்குள் கோலிகுண்டுகளைப் போட்டுக் குலுக்கினாற்போல் கேட்கும் அந்த ஒலி, புதிய நகர்கட்டையிலும் ஓரளவு இருப்பதுதான். குண்டுகளுக்கு இடையே கூடு வைத்த வகைகள் இதைத் தவிர்ப்பதற்காகவே வந்தன.

திடீரென்று கூடிய உடனொலிதான் கவலைக்குரியது. பழைய கிரீஸைத் துடைத்துப் புதியது அடித்து, தடத்தின் முழு நீளத்துக்கும் சில முறை ஓட்டிப் பாருங்கள். அடங்கவில்லையா? ஒரு நகர்கட்டையை மேசையோடு பிணைக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, அதை மட்டும் கையால் தள்ளுங்கள். தளர்த்தியவுடன் சத்தம் போய்விட்டால் நகர்கட்டை நல்லது. மேசையின் அடிப்பரப்பு சமமாக இல்லாமல் அதை முறுக்கிக்கொண்டிருந்தது. தளர்த்திய பிறகும் உறுமினால் ஓடுபள்ளம் செதிள் பெயர்ந்திருக்கலாம், அல்லது முனைமூடி விரிசல் விட்டிருக்கலாம். கழற்றிப் பார்க்கும்போது போலித் தடத்தின்மேல் (குண்டுகள் விழாமல் தாங்கும் தடம் போன்ற துண்டு) நகர்த்தி எடுங்கள். இல்லாவிட்டால் குண்டுகள் தரையெங்கும் சிதறும்.

திருப்பவொலிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தளர்ந்த கப்ளிங், தேய்ந்த திருகு நட்டு, தளர்ந்த போல்ட். இறுக்குங்கள் அல்லது மாற்றுங்கள்.

ஒலிக்குறிப்புகளை வீசிவிட வேண்டாம். விளக்கத்தில் ‘நறநறக்கும் உடனொலி’, ‘டக்கென்ற இடவொலி’ என்று அடைமொழியாக வரட்டும்.

மூன்றாம் மடல்

ஐயா, பகுப்பு பிடித்திருக்கிறது. நான் தொழிற்பயிற்சி மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவள் என்பதால் மூன்று ஐயங்களைக் கேட்கிறேன்.

இயந்திரம் நகராமல் நிற்கும்போதே மெல்லிய ரீங்காரம் கேட்கும். அது மூன்றில் எதிலும் சேராது.

ஒரே ஒரு வேகத்தில் மட்டும் பெரிதாகி, அதைத் தாண்டினால் அடங்கிவிடும் சத்தத்தை எங்கே வைப்பது?

திருப்பவொலி நாவில் புரள்கிறது. திருப்பொலி என்று சுருக்கலாமே?

நான்காம் மடல்

அம்மா, முதல் ஐயம் மிகச் சரியானது. அதற்கு நின்றொலி என்று நான்காவது பெயர் வைப்போம். நகராமல் நிற்கும்போது ஒலிப்பது. பெரும்பாலும் சர்வோவின் மிகைப்பு (கெயின்: சிறு விலகலுக்கும் மோட்டார் எவ்வளவு வலுவாக எதிர்வினை காட்டும் என்ற அமைப்பு) அளவுக்கு மேல் வைக்கப்பட்டிருப்பதால் மோட்டார் நடுங்கும் ஒலி அது. மின்சாரத்தை நிறுத்தியவுடன் அடங்கினால் உறுதி. நகர்கட்டைமேல் பழி போட வேண்டியதில்லை. ஒரு பெயர் இல்லாததால் எத்தனையோ நல்ல நகர்கட்டைகள் கழற்றப்படுகின்றன.

இரண்டாவதற்குப் புதுப்பெயர் தேவையில்லை. பாடநூல்களில் நெடுநாளாக உள்ள ஒத்ததிர்வு அதுவே. குண்டுகளின் நுழைவு அதிர்வெண் இயந்திரச் சட்டத்தின் இயல்பு அதிர்வெண்ணோடு ஒத்துப்போகும் வேகத்தில் சட்டமே பாடத் தொடங்கும். அந்த வேகத்தைத் தவிர்க்கலாம், அல்லது சட்டத்தை விறைப்பாக்கலாம். முன்சுமை கூடிய நகர்கட்டையைப் போட்டாலும் விறைப்பு ஏறும். ஆனால் உராய்வும் சூடும் சேர்ந்தே ஏறும் என்பதால் அதை நான் கடைசியில்தான் வைப்பேன்.

திருப்பொலியை ஏற்க மாட்டேன். திருப்பம், ஒலி என்று சேர்ந்தால் திருப்பவொலிதான் வரும். மரம், அடி சேர்ந்து மரவடி ஆவது போல. திருப்பொலி என்று எழுதினால் ‘திருப் பொலி’ என்று பிரித்து, கோயில் மலரில் வரும் சொல் என்று நினைப்பார்கள். ஓர் எழுத்துதான் மிச்சம், அதற்காக இந்தக் குழப்பம் வேண்டாம்.

ஐந்தாம் மடல்

அனைவருக்கும் நன்றி. நான்கையும் எடுத்துக்கொண்டேன். இயலின் முதல் பத்தி இப்படி வந்திருக்கிறது:

‘சத்தம் கேட்டால் முதலில் மின்சாரத்தை நிறுத்தாமல் ஓட்டத்தை மட்டும் நிறுத்திப் பார்க்கவும். நின்ற நிலையிலும் கேட்பது நின்றொலி. சர்வோ அமைப்பைச் சரிபார்க்கவும். நகரும்போது மட்டும் கேட்டால், மின்சாரத்தை நிறுத்தி, செங்குத்து அச்சானால் முட்டுக்கொடுத்து, திருகையோ பெல்ட்டையோ கழற்றிவிட்டு மேசையைக் கையால் தள்ளவும். சத்தம் வரும் இடங்களைத் தடத்தில் குறிக்கவும். குறிகள் மாறாமல் இருந்தால் இடவொலி. அவற்றின் இடைவெளியை அளக்கவும். எங்கும் தொடர்ந்து கேட்டால் உடனொலி. சுத்தம் செய்து கிரீஸ் இட்டு மீண்டும் தள்ளவும். திசை மாறும்போது மட்டும் கேட்பது திருப்பவொலி. கப்ளிங், திருகு நட்டு, போல்ட்டுகளைச் சோதிக்கவும்.’

ஒன்று மட்டும் மீதம் இருக்கிறது. மெதுவான வேகத்தில் நகர்கட்டை ஒட்டி ஒட்டி விடுபட்டு நகர்வதை ஸ்டிக்-ஸ்லிப் என்கிறார்கள். ‘ஒட்டிவழுக்கல்’ என்று எழுதிப் பார்த்தேன், நிறைவாக இல்லை. ‘திக்கோட்டம்’ என்று ஒரு நண்பர் சொன்னார். திக்கித் திக்கி ஓடுவது என்ற பொருளில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் திக்கு என்றால் திசை என்று படித்துவிடுவார்களோ?